நாற்காலியை நடக்க வைத்த கேப்டன்

விளையாட்டு ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிள்ளைகள் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் தலைமை ஆசிரியரே மீட்டிங்கில் வாய் தவறி, "கேப்டன் என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அதோடு அந்தப் பெயர் முன்பக்கத்துக்கும் வந்துவிட்டது. வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார். அவர் பல்செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை மேல் எந்நேரமும் யாருடைய பல்வரிசையாவது சிரித்துக்கொண்டிருக்கும்.

பெயர் பொருத்தமானதுதான். கேப்டனுக்கு உத்தரவு போடாமல் இருக்க வராது. மைதானத்தில் "முழங்கை உள்ளே, கண்ணு நேரா, மூச்சு மூக்கால" என்று ஆரம்பித்தால், ஓடுகிற பிள்ளை தன் காலை மறந்துவிட்டு அவர் வாயைப் பார்த்தபடி ஓடும். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவை எந்தக் கையால் திறக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஆசிரியர்களுக்கான ஓட்டப் பந்தயம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுகிற பந்தயம் அது. நடந்து போயிருந்தால்கூட கேப்டன் ஜெயித்திருப்பார். ஆனால் அவர் உயிரைக் கொடுத்து ஓடினார். கோட்டுக்கு ஓரடி முன்னால் கால் பிசகியது. முதலில் வந்தது அவர்தான். அவரிலும் முகம்தான் முதலில் வந்தது. முழங்காலில் தசைநார் அறுந்துபோய், அறுவைச் சிகிச்சை முடிந்து, மைதானத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அவரைக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றியது. அங்கே ஒரு நல்ல நாற்காலி இருந்தது என்பதுதான் காரணம். வேறெந்தத் தகுதியையும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் மவுஸைக் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

சும்மா உட்கார முடியாத மனுஷி என்ன செய்வார்? பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டார். விளையாட்டுப் பயிற்சிக்குப் போவதற்கு முன்பே கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தவர் என்பதால் அது மளமளவென்று ஏறியது. அப்போது பள்ளிக்கூடத்தின் பெரிய தலைவலி டைம்டேபிள். யாருக்கும் முதல் பீரியட் வேண்டாம், யாருக்கும் கடைசி பீரியட் வேண்டாம். துணைத் தலைமை ஆசிரியர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கேப்டன், "என்கிட்ட விடுங்க" என்றார்.

எங்கோ படித்த ஒரு முறையைக் கையில் எடுத்தார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கன்னாபின்னாவென்று நிறைய டைம்டேபிள்களை உருவாக்க வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டியது. மோசமானவற்றைத் தள்ளிவிட்டு, தேறியவற்றை ஜோடி சேர்த்து, இதில் பாதி அதில் பாதி எடுத்துப் பிள்ளைகளைப் பெற வைக்க வேண்டியது. அந்தப் பிள்ளைகளில் அங்கங்கே ஒரு சின்ன மாற்றம். மறுபடி மதிப்பெண், மறுபடி கல்யாணம். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போனால் தானாகவே நல்லதொன்று வந்து நிற்கும். ஒரே ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு வந்தால் மதிப்பெண் குறையும் என்று மட்டும் கேப்டன் விதி போட்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு மோதல்கூட இல்லாத டைம்டேபிள் தயார். பெருமையோடு அச்செடுத்து ஒட்டினார். ஆசிரியர் அறையில் கூச்சல் கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வாரம் முழுக்க ஒரு பாடம்கூடக் கிடையாது. ஆசிரியரையே அனுப்பாவிட்டால் மோதல் எப்படி வரும்? எட்டு 'பி' பிள்ளைகள் இதே டைம்டேபிளை வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டமாக வந்து கேட்டுக்கொண்டார்கள்.

கேப்டனுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டுக் கடைசிச் சுற்றில் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! அந்தத் திருட்டுத்தனம் ஒரு ப்ரோக்ராமுக்குள்ளும் இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அந்த வாரமே தேடிப் பார்த்தார். இதை முதுகலையில் ஒரு படிப்பாகவே வைத்திருந்தார்கள்: பரிணாமச் செயற்கை நுண்ணறிவும் ரோபாட்டிக்ஸும். அதுவும் அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்துவிட்டார்.

நாத்தனார் போன் செய்தார். "அண்ணி, பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கிற வயசுல நீங்களே சேர்றீங்களாமே?"

"ரெண்டு பேருமேதான் சேர்றோம். ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்."

உண்மைதான். மகள் அதே வளாகத்தில் வரலாற்றுத் துறையில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அம்மா, கேன்டீன்ல என்னைப் பார்த்தா உனக்கு என்னைத் தெரியாது."

"பெத்தவளுக்கே தெரியாதா?"

"தெரியாது. முக்கியமா, 'நிமிர்ந்து உட்காரு'ன்னு தூரத்துல இருந்து கத்தக்கூடாது."

கேப்டன் ஒப்புக்கொண்டார். முதல் வாரமே மகள் கேன்டீனில் கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்கார்ந்திருந்தாள். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு டீயோடு வெளியே வந்து, ஒரு தூணைப் பார்த்து, "நிமிர்ந்து உட்காரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சோதனைக்கூடம் இரண்டாம் மாடியில் இருந்தது. சாம்பல் நிற டைல் தரை, ஜன்னலோரம் சால்டரிங் மேசை, எங்கே காலை வைத்தாலும் வயர். இரண்டிரண்டு பேராக வேலை செய்ய வேண்டும். கேப்டனுக்கு ஜோடியாக வந்தவர் வாஷிங் மெஷின் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த ஒருவர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் என்பதால் வகுப்பே அவரை நெட்டை என்று கூப்பிட்டது. அதிகம் பேசமாட்டார். கேப்டன் பேசியதில் அவருக்கு இடமும் கிடைக்கவில்லை.

அவர்களுக்குக் கொடுத்தது கையகலமுள்ள, நாலு கால் ரோபாட். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மோட்டார். முதுகு தட்டையாக இருந்ததால் கேப்டன் அதற்கு நாற்காலி என்று பெயர் வைத்தார். அதை நடக்க வைக்க வேண்டும். ஆனால் எப்படி நடப்பது என்று சொல்லிக் கொடுக்கக்கூடாது. எந்த மோட்டார் எப்போது எவ்வளவு திரும்புவது என்பதைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நாற்காலியை ஓட விட்டு, தலைமுறை தலைமுறையாகப் பரிணாமமே கண்டுபிடிக்க வேண்டும்.

அதிக தூரம் போனால் அதிக மதிப்பெண் என்று கேப்டன் விதி போட்டார். பொய் நாற்காலி நடக்கவில்லை. ஒருமுறை எம்பிக் குதித்து, குப்புற விழுந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. விழுந்தால் மதிப்பெண் இல்லை என்றார். இப்போது அது விழாமல், கால்களைப் படபடவென்று நடுங்க வைத்து, தரையில் கொஞ்சம் புதைந்து, கவண்கல் மாதிரித் திரைக்கு வெளியே பறந்தது. தரையைக் கணக்கிடும் ப்ரோக்ராமில் இருந்த ஓட்டை ஒன்றை அது கண்டுபிடித்துவிட்டிருந்தது.

"இதுக்கு நடக்கத் தெரியல மேடம், ஏமாத்தத்தான் தெரியுது" என்று கேப்டன் பேராசிரியையிடம் புகார் செய்தார்.

பேராசிரியை சின்ன உருவம், மெதுவான குரல். "நீங்க கேட்டதைத்தான் அது குடுத்திருக்கு" என்றார். "நீங்க என்ன கேட்டீங்கன்னு இன்னொரு தடவை பாருங்க."

ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, ஒருவழியாகத் திரையில் நடை வந்தது. ஜம்மென்ற நடை. அதை அப்படியே நிஜ ரோபாட்டுக்குள் ஏற்றித் தரையில் விட்டார்கள். அது மல்லாந்த கரப்பான் பூச்சி மாதிரி நாலு காலையும் காற்றில் ஆட்டியது. பாதம் வழுக்குகிறது என்று கேப்டன் முடிவு கட்டினார். கணவர் பல்செட்டின் அடியில் ஒட்டுகிற மெத்தென்ற ரோஸ் நிறப் பொருளில் நாலு பாதம் செய்து கொடுத்தார். நாற்காலிக்கு ஈறு முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் நடை மட்டும் வரவில்லை.

இடைப்பருவத் தேர்வு நெருங்கியது. கேப்டனுக்குக் கை அரித்தது. ஒரு மத்தியானம் நெட்டை சாப்பிடப் போயிருந்தபோது, உட்கார்ந்து தானே எழுதிவிட்டார்: இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால், இடது பின்கால். நெட்டை திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலி மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழகாக நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது..."

"நடக்குதா இல்லையா?"

"நடக்குது. ஆனா..."

"அப்புறம் என்ன தம்பி? யார் கேக்கப் போறா?"

பேராசிரியை கேட்டார். நாற்காலி நடந்து முடித்ததும், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நல்லா இருக்கு. இந்த நடைக்கு அப்பா அம்மா யாரு?" என்றார்.

கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. பரிணாமத்தில் வந்த எதற்கும் முந்தைய தலைமுறை இருக்க வேண்டும். தடுக்கி விழுந்த பாட்டன், நொண்டிய சித்தப்பா என்று ஒரு வம்சமே கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். இந்த நடை அனாதையாக வந்து நின்றது.

"இது பரிணாமம் இல்ல" என்றார் பேராசிரியை, அதே மெதுவான குரலில். "பரேடு."

பூஜ்யம். இரண்டு பேருக்கும். "மேடம், இவருக்கு இதுல சம்பந்தம் இல்ல, நான்தான் எழுதினேன்" என்று கேப்டன் மன்றாடினார். "ஜோடின்னா ஜோடிதான். பருவத் தேர்வுக்குள்ள திருப்பிச் செஞ்சு காட்டுங்க" என்று பதில் வந்தது. நெட்டை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இரண்டு திட்டு திட்டியிருந்தால் கேப்டனுக்குத் தேவலை என்றிருக்கும்.

நூலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். விடுப்பை ரத்து செய்துவிட்டு, மவுஸைக் காவல் காக்கப் போய்விடலாம் என்று தோன்றியது. அப்போது பக்கத்தில் ஒரு டீ வந்து இறங்கியது. கையில் இன்னொரு டீயோடு மகள். அவளுடைய தோழிகள் கொஞ்சம் தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத்தான் என்னைத் தெரியாதே" என்றார் கேப்டன்.

"ஜீரோ வாங்கினியாமே?"

"யார் சொன்னா?"

"காலேஜ் முழுக்கத் தெரியும். வயசான அக்கா ஒருத்தங்க காப்பியடிச்சு மாட்டிக்கிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

"காப்பியெல்லாம் அடிக்கல. நானே எழுதினேன்."

"அதாம்மா பிரச்சினை. எல்லாத்தையும் நீயே பண்ணிடுவ. ஸ்கூல்ல எனக்கு ஒரு எரிமலை ப்ராஜெக்ட் இருந்துதே, ஞாபகம் இருக்கா? அதுல நான் பண்ணது என் பேரை எழுதினது ஒண்ணுதான்."

"அதுக்குப் பரிசு கிடைச்சுதுல்ல?"

"உனக்குக் கிடைச்சுது."

கேப்டன் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் தோழிகளைக் கைகாட்டி அழைத்தாள். "இது எங்க அம்மா" என்று சொல்லி வைத்தாள். பிறகு அம்மாவின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நிமிர்ந்து உட்காரு" என்றாள்.

மறுநாள் கேப்டன் சோதனைக்கூடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கூச்சத்தோடு, "மன்னிப்பெல்லாம் வேணாம்க்கா. இனிமே கீபோர்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்" என்றார். இருந்தது. கேப்டன் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக நெட்டையைப் பேச விட்டார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"திரையில இருக்கிற தரை எப்பவும் ஒரே தரைக்கா. மோட்டாரும் எப்பவும் புது மோட்டார். நிஜத்துல ஒரு டைல் வழுக்கும், ஒரு டைல் பிடிக்கும். மோட்டார் சூடானா சோர்ந்து போகும். நம்ம நாற்காலி அந்த ஒரே தரைக்குன்னு நடை பழகியிருக்கு."

கேப்டனுக்கு எங்கேயோ பொறி தட்டியது. சொந்த மைதானத்தில் பறக்கிற பிள்ளை வெளியூர் மைதானத்தில் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, மணலிலும் ஈரப் புல்லிலும் சரிவிலும் மாற்றி மாற்றி ஓட விட்டவர் அவர். "அப்ப ஒவ்வொரு தடவையும் தரையை மாத்திடுவோம் தம்பி. ஒண்ணுல வழுக்கட்டும், ஒண்ணுல மேடு இருக்கட்டும். எதாவது ஒரு மோட்டார் பாதி சக்தியில ஓடட்டும். எல்லாத்துலயும் சராசரியா யார் தேறுறாங்களோ அவங்களுக்குத்தான் பிள்ளை பெத்துக்க அனுமதி."

புது உலகத்தையே கண்டுபிடித்த மாதிரி இருவரும் பேராசிரியையிடம் ஓடினார்கள். அவர் கேட்டுவிட்டு, "இது புதுசு இல்ல. நிறைய பேர் செஞ்சிருக்காங்க" என்று அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் கட்டுரைகளை எடுத்து நீட்டினார். "ஆனா நீங்களா இங்க வந்து சேர்ந்தீங்களே, அது நல்லது. இதையெல்லாம் படிச்சுட்டு ஆரம்பிங்க. அடுத்த மாசம் உங்களுக்கு வரப்போற தப்பெல்லாம் இதுல ஏற்கனவே இருக்கு."

படித்தார்கள். ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் பல தரைகளில் ஓட விட வேண்டியிருந்ததால் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. கேப்டன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் தொடாமல் இருப்பது. வாழ்க்கையில் அவர் செய்த மிகக் கடினமான உடற்பயிற்சி அது. வீட்டில் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வெந்நீரில் வெந்துகொண்டிருந்த பல்செட்டைப் பற்றிக் கணவருக்கு யோசனை சொன்னார்.

"கேப்டன்" என்றார் கணவர், அடுப்பைப் பார்த்தபடியே. "பேசினா இது சீக்கிரம் வேகாது."

கடைசியில் வந்த நடையைப் பார்த்தபோது கேப்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு அசிங்கம். மூன்று கால்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் துழாவின. நாலாவது கால் வால் போல மேலே தூக்கி நின்று, நினைத்துக்கொண்டாற்போல் அவ்வப்போது தரையில் டொக்கென்று ஒரு போடு போட்டது.

"அந்தக் காலை மட்டும் கொஞ்சம் இறக்கி வெச்சா..." என்று கேப்டனின் கை நீண்டது.

நெட்டை கீபோர்டைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அந்த உயரத்தை எட்ட வகுப்பில் யாராலும் முடியாது.

நாற்காலியைத் தரையில் விட்டார்கள். ஒரு நொடி யோசிப்பது மாதிரி நின்றது. பிறகு துழாவி, துழாவி, டொக்கென்று ஒரு போடு போட்டு, நகர்ந்தது. வழுக்கும் டைலைத் தாண்டியது. கீழே கிடந்த வயரில் ஏறி இறங்கியது. வாசல் மிதியடியில் தடுமாறி, சாய்ந்து, வால் காலை ஊன்றி எழுந்து, நடைபாதைக்குப் போனது. அங்கே துடைத்துவிட்டிருந்த ஈரத்திலும் ரோஸ் நிறப் பாதங்களைப் பதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து வகுப்புக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். நெட்டை கையைத் தட்டினார். கேப்டன் பின்னாலேயே நடந்தார். அவர் வாயிலிருந்து ஓர் உத்தரவும் வரவில்லை. தான் சொல்லிக் கொடுக்காத ஒன்று இப்படி நடந்து போவதைப் பார்ப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. அது சந்தோஷம்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பருவத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அந்தக் கால் ஏன் அப்படி மேலே நிக்குது?"

"அதை இறக்கி வெச்சுப் பார்த்தோம் சார். இறக்கினா ஈரத் தரையில விழுந்துடுது. அது வரைக்கும் தெரியும்." என்றார் கேப்டன். "அதுக்கு மேல தெரியாது."

தெரியாது என்று அவர் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. பேராசிரியை குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். முதல் மதிப்பெண் கிடைக்கவில்லை. மூளையைப் போலப் பழகும் நியூரல் நெட்வொர்க்கால் தங்கள் ரோபாட்டைப் பந்து பிடிக்க வைத்த ஜோடி அதைத் தட்டிக்கொண்டு போனது. இவர்களுக்கு நல்ல மதிப்பெண். நெட்டைக்கு அது போதுமானதாக இருந்தது. கேப்டனுக்குப் போதவில்லை. ஒரு வாரம் அந்தப் பந்தைப் பற்றி எல்லாரிடமும் குறை சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குக் குழாய்களை எடுத்துக்கொண்டார். ஆள் நுழைய முடியாத கழிவுநீர்க் குழாய்களுக்குள் ஊர்ந்து போய் விரிசல்களைப் படம் பிடிக்கிற ரோபாட். கால்கள் எத்தனை, எவ்வளவு நீளம் என்பதைக்கூடப் பரிணாமத்திடமே விட்டார். வந்தது ஐந்து கால் பிராணி. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. பட்டம் வாங்கியதும், பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, குழாய் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். நெட்டை வேறொரு ஊரில் மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் போனார். வாரம் ஒருமுறை போனில் இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

நிஜக் குழாயில் முதன்முதலாக விட்ட நாளன்று கேப்டன் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாக்கடை விளிம்பில் நின்றார். ஐந்து கால் பிராணி உள்ளே போனது. கொஞ்ச தூரத்திலேயே சிக்னல் போய்விட்டது. எல்லாரும் மறுமுனைக்கு ஓடி, குழாய் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். குழாய் வேலையாட்களின் மேற்பார்வையாளர், "போயிடுச்சா மேடம்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். கேப்டன் குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

அப்போது உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. சேறு பூசிய ஒரு கால் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. முழுதும் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது, பிராணி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"ஏன் மேடம் ரிவர்ஸ்ல வருது?"

"உள்ள எங்கேயோ திரும்பியிருக்கு. அதுக்கு அப்படித்தான் சௌகரியமா இருந்திருக்கும்."

மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். கேப்டன் சேற்றில் இறங்கி, பிராணியை இரண்டு கையாலும் தூக்கி, கேமராக் கண்ணைத் துணியால் துடைத்தார். ஐந்து காலும் இன்னும் காற்றில் நடந்துகொண்டிருந்தன. சேறு அவர் முகத்தில் தெறித்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை வைத்திருந்தவரைப் பார்த்து, "படம் வந்திருக்கா பாருங்க" என்றார்.

வந்திருந்தது. கலங்கலான வெளிச்சத்தில், குழாயின் மேல்பக்கத்தில், நீளமாக ஒரு விரிசல்.